தலைகளை எண்ணுகின்றோம், தகைமையை எண்ணுகின்றோமா?

வெளிநாடுகளில் தொழில்புரியும் இலங்கையர் நாட்டுக்கு அனுப்பும் பணத்தின் பெறுமதியை மத்திய வங்கி மாதந்தோறும் வெளியிட்டு வருகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், இத்தொகை கூடினால் ஆட்சியாளர் முகத்தில் மலர்ச்சியும் குறைந்தால் கலக்கமும் தோன்றுவது வழமையாகிவிட்டது. 2022 இல் 379 கோடி டொலராகச் சரிந்திருந்த இவ்வருவாய், 2023 இல் 597 கோடியாகவும் 2024 இல் 657 கோடியாகவும் உயர்ந்து, 2025 இல் 800 கோடி டொலரைத் தாண்டியது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்நாட்டின் அடையாளமாக விளங்கும் தேயிலை, 2024 ஆம் ஆண்டு முழுவதிலும் ஈட்டித் தந்தது ஏறத்தாழ 143 கோடி டொலர் மாத்திரமே என்பதை இதனோடு ஒப்புநோக்கினால், இன்று எமது பிரதான ஏற்றுமதிப் பண்டம் எதுவென்பது தெளிவாகும். மனித உழைப்பே அது.

இரண்டாவதொரு புள்ளிவிபரமும் உண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொண்டு புறப்பட்டுச் சென்றோரின் எண்ணிக்கை 2022 இல் 3 இலட்சத்து 11 ஆயிரமாகவும், 2023 இல் 3 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 2024 இல் 3 இலட்சத்து 14 ஆயிரத்துக்கு மேலாகவும் இருந்தது. அதே 2024 ஆம் ஆண்டில் இந்நாட்டில் பதிவான பிறப்புகள் ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம் மாத்திரமே. சென்றோரில் கணிசமானோர் முன்னரும் சென்று வந்தவர்கள் என்பதும், பலர் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்புவார்கள் என்பதும் உண்மையே. ஆயினும் ஒரு வருடத்தில் பிறக்கும் குழந்தைகளிலும் பார்க்க வேலை தேடி விமானம் ஏறுவோரின் தொகை அதிகமாகவுள்ள ஒரு நாடு, தனது எதிர்கால உழைப்பாளர் படையைப் பற்றிச் சிந்திக்காதிருக்க முடியாது.

டொலரையும் தலைகளையும் நாம் கவனமாக எண்ணுகின்றோம். இவ்விரண்டுக்கும் இடையில் எண்ணப்படாமற் போவது தகைமையாகும். சென்றவர் என்ன தொழில் கற்றிருந்தார், அங்கு சென்று அத்தொழிலைத்தான் செய்தாரா, திரும்பி வந்தபின் அத்தகைமை எங்கே போயிற்று, அவர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப யார் பயிற்றப்பட்டார் என்ற கேள்விகளுக்கு எமது புள்ளிவிபரங்களில் விடை கிடைப்பதில்லை. பணியகம் புறப்பட்டோரைத் தொழில்வல்லுநர், நடுத்தர மட்டத்தினர், தேர்ச்சி பெற்றோர், தேர்ச்சியற்றோர், வீட்டுப் பணிப்பெண்கள் என்றெல்லாம் வகுத்துக் காட்டுவது உண்மைதான். ஆனால் அவ்வகுப்பு, அவர்கள் செல்லும் வேலையின் பெயரையே குறிக்கின்றது. டிப்ளோமா பெற்றவர் காவலாளியாகச் சென்றால் அவர் காவலாளியாகவே பதியப்படுகின்றார். அந்த இழப்பு எவருடைய கணக்கிலும் வருவதில்லை.

இந்த நிலை ஒரே நாளில் உருவானதன்று. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம் வளைகுடா நாடுகளில் பெரும் கட்டுமான வேலைகளைத் தோற்றுவித்தது. 1977 இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறியபோது வெளிநாட்டுப் பயணத்துக்கான தடைகளும் தளர்ந்தன. ஆரம்பத்தில் மேசன்மாரும் தச்சரும் மின்வேலையாட்களும் சென்றனர். அவர்களைத் தொடர்ந்து வீட்டுப் பணிக்காகப் பெண்கள் செல்லத் தொடங்கினர். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990 களின் நடுப்பகுதியில் சென்றோரில் ஏறத்தாழ நால்வருக்கு மூவர் பெண்களாக இருந்தனர். 1990 இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது அங்கிருந்த பல்லாயிரக்கணக்கான இலங்கையர் வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தது. பிறநாட்டு நிகழ்வொன்று எமது கிராமங்களின் அடுப்பை எவ்வாறு அணைக்கக்கூடும் என்பதை அன்றே நாம் கண்டோம். ஆயினும் அரசாங்கங்கள் மாறியபோதும் அணுகுமுறை மாறவில்லை. உள்நாட்டில் நல்ல தொழில் உருவாகாதபோதெல்லாம் வெளிநாடு என்பது ஒரு வடிகாலாகவே கருதப்பட்டு வந்தது.

அனுப்பப்படும் பணத்தின் ஏற்ற இறக்கத்தைக்கூட நாம் சரியாகப் படிப்பதில்லை. 2020 இல் 710 கோடி டொலராக இருந்த தொகை 2021 இல் 549 கோடியாகவும், 2022 இல் 379 கோடியாகவும் வீழ்ந்தது. கொவிட் பெருந்தொற்றின் பாதிப்பு ஒருபுறமிருக்க, டொலரின் விலையை ஏறத்தாழ 203 ரூபாவில் செயற்கையாகக் கட்டி வைத்திருந்தமையே இதன் பிரதான காரணம். உண்டியல்காரர் அதனிலும் கூடிய விலை கொடுத்தபோது தொழிலாளி வங்கியைத் தவிர்த்தார். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டு, பின்னர் அதன் பெறுமதி ஓரளவு நிலைபெற்றதும் பணம் மீண்டும் வங்கி வழியே வரலாயிற்று. ஆகவே கடந்த சில வருட உயர்வில் ஒரு பகுதி வழிமாறிச் சென்ற பணம் மீளத் திரும்பியதேயன்றி, தொழிலாளரின் நிலை உயர்ந்ததன் அடையாளமாகாது.

ஏன் செல்கிறார்கள் என்ற கேள்விக்கு உழைப்புச் சந்தை பற்றிய ஆய்வுகள் தரும் விடை எளிமையானது. அதேவேளை எமக்குச் சங்கடமானதும்கூட. மைக்கல் கிளெமன்ஸ், கிளாடியோ மொண்டிநீக்ரோ, லன்ட் பிரிட்சட் ஆகிய பொருளியலாளர்கள் 42 வளர்முக நாடுகளைச் சேர்ந்த தொழிலாளரின் ஊதியத்தை ஆராய்ந்தனர். ஒரே நாட்டில் பிறந்து, ஒரே அளவு கல்வி கற்ற, ஒரே வயதுடைய இருவரில் ஒருவர் தாய்நாட்டிலும் மற்றவர் அமெரிக்காவிலும் வேலை செய்யும்போது, வாழ்க்கைச் செலவு வித்தியாசத்தைக் கழித்த பின்னரும் அவர்களின் ஊதியம் பன்மடங்கு வேறுபட்டது. ஆளும் தேர்ச்சியும் ஒன்றாயிருக்க இடம் மாத்திரமே மாறியது. அவரைச் சூழவுள்ள இயந்திரம், மின்சாரம், வீதி, நிர்வாக ஒழுங்கு, சட்டத்தின் நம்பகம் ஆகியன சேர்ந்தே அந்த வித்தியாசத்தை உண்டாக்குகின்றன.

உற்பத்தித்திறன் பற்றிய எமது விவாதங்களில் இந்த உண்மை மறக்கப்படுகின்றது. உற்பத்தித்திறன் குறைவு என்றவுடன் விரல் தொழிலாளியை நோக்கியே நீள்கின்றது. பெருந்தோட்டத்துறை இதற்குச் சிறந்த உதாரணமாகும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2026 ஜனவரி முதல் அது 1,550 ரூபாவாக உயர்ந்ததோடு, அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா வரவுக் கொடுப்பனவும் வழங்க முன்வந்தது. ஒவ்வொரு முறையும் நீண்ட போராட்டங்களின் பின்னரே இவை கிடைத்தன. ஒவ்வொரு முறையும் கம்பனிகள் தரப்பில் எழுந்த வாதம், சம்பளம் உற்பத்தித்திறனோடு பிணைக்கப்பட வேண்டும் என்பதே. பறிக்கும் கொழுந்தின் அளவு பறிப்பவரின் கையை மாத்திரம் பொறுத்ததா? முதிர்ந்த தேயிலைச் செடிகளைப் பிடுங்கி மீள்நடுகை செய்வதும், மண்ணைப் பேணுவதும், களை அகற்றுவதும், கருவிகளை வழங்குவதும் 1992 முதல் நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற கம்பனிகளின் கடமையல்லவா? காடாகிக் கிடக்கும் மலையில் ஏறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் உற்பத்தித்திறன் குறைவு என்று கூறுவது, பழுதடைந்த தறியைக் கொடுத்துவிட்டு நெசவாளரைக் குறை கூறுவதற்கு ஒப்பாகும். மலையக இளைஞர்கள் கொழும்பின் கடைகளுக்கும் அங்கிருந்து வளைகுடாவுக்கும் செல்வது அவர்கள் உழைப்பை வெறுப்பதால் அன்று. அதே உழைப்புக்கு வேறிடத்தில் கிடைக்கும் பெறுமதியை அவர்கள் கணக்கிடத் தெரிந்தவர்கள் என்பதாலேயாகும்.

தொழில்வல்லுநர் வெளியேற்றம் வேறு வகையான பிரச்சினை. 2022 முதல் வைத்தியர், தாதியர், பொறியியலாளர், பல்கலைக்கழக ஆசிரியர் எனப் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். அதே வருடம் ஜூன் மாதத்தில், அரச ஊழியர் ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் எனவும், அதனால் ஓய்வூதியமோ சேவை மூப்போ பாதிக்கப்படாது எனவும் அரசாங்கமே சுற்றுநிருபம் வெளியிட்டது. சம்பளச் செலவைக் குறைத்து டொலரைப் பெறும் வழி அது. மறுபுறம், விசேட வைத்தியர் இல்லாமையால் மாவட்ட வைத்தியசாலைகளின் சில பிரிவுகள் திண்டாடியபோது, சென்றவர்கள் நன்றியற்றவர்கள் எனத் தூற்றும் குரல்களும் எழுந்தன. ஒரு கையால் வழியனுப்பிவிட்டு மறு கையால் பழிசுமத்தும் இந்நிலைக்குக் கொள்கை என்ற பெயர் பொருந்தாது.

இவ்விடயத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டின் அனுபவம் கவனத்திற்குரியது. அமெரிக்கா தாதியருக்கான வீசாக்களை 2000 ஆம் ஆண்டை அடுத்துப் பெருமளவில் வழங்கியபோது, பிலிப்பைன்ஸின் வைத்தியசாலைகள் வெறுமையாகிவிடும் என அஞ்சப்பட்டது. பவுலோ அபார்கார், கரோலின் தியோஹரிடஸ் ஆகியோரின் ஆய்வு காட்டிய முடிவோ வேறு. அங்கிருந்து மேலதிகமாகச் சென்ற ஒவ்வொரு தாதிக்கும் ஈடாக, மேலதிகமாக ஒன்பது பேர் தாதியராகத் தகுதி பெற்றனர். வெளிநாட்டு வாய்ப்பு இளைஞரைத் தாதியர் கல்வியை நோக்கி ஈர்த்தது. கல்லூரிகளும் விரைந்து இடங்களை அதிகரித்தன. தகுதி பெற்ற எல்லோரும் வெளியே செல்லவில்லை. நேபாளத்திலும் இதையொத்த அனுபவம் உண்டு. கூர்க்காப் படைக்கு ஆட்சேர்க்கும்போது கோரப்படும் கல்வித் தகைமையை பிரித்தானிய இராணுவம் 1993 இல் உயர்த்தியது. அதன் விளைவாக அச்சமூகத்து ஆண்களின் பள்ளிக்கல்வி ஏறத்தாழ ஒரு வருடத்தால் கூடியதெனவும், படையில் சேராது நாட்டில் தங்கியோரும் அதனால் நன்மையடைந்தனர் எனவும் சிலேஷ் சிரேஸ்தாவின் ஆய்வு கூறுகின்றது.

இவற்றைப் படித்துவிட்டு, வெளியேற்றத்தால் தீங்கில்லை என நாம் ஆறுதலடைய முடியாது. பிலிப்பைன்ஸில் அந்த நன்மை விளைந்ததற்குக் காரணம் பயிற்சிக்கான கதவு அகலத் திறந்தமையே. இலங்கையிலோ கதவு ஒடுக்கமானது. க.பொ.த. உயர்தரத்தில் சித்தியடைந்து பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்றது. மருத்துவ பீடங்களின் இடங்களும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளின் இடங்களும் அரசின் நிதிவளத்தாலும் ஆட்சேர்ப்புத் தாமதங்களாலும் வரையறுக்கப்பட்டவை. வெளியே கேள்வி எவ்வளவு உயர்ந்தாலும் உள்ளே பயிற்றப்படுவோர் தொகை அதற்கேற்பக் கூடாத இடத்தில், ஒருவர் சென்றால் ஒருவர் குறைவார் என்பதே கணக்கு. வெளியேற்றத்தைத் தடுப்பது பற்றியே பேசுவோர், பயிற்சி இடங்களை அதிகரிப்பது பற்றிப் பேசுவதில்லை என்பது கவலைக்குரியது.

பெண்களின் விடயத்தில் இந்த முரண்பாடு இன்னும் கூர்மையானது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2013 ஜனவரியில் சவூதி அரேபியாவில் மரணதண்டனைக்குள்ளானபோது நாடே அதிர்ந்தது. உரிய வயதை எட்டாத ஒரு வறிய வீட்டுப் பிள்ளை போலி வயதுடன் அனுப்பப்பட்டதே அக்கொடுமையின் ஆரம்பம். அதே வருடம் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை கொண்டுவரப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாடு செல்ல அனுமதிக்கப்படவில்லை. தந்தைக்கு அவ்வாறான நிபந்தனை எதுவும் இருக்கவில்லை. பிள்ளையின் நலனே காரணமெனக் கூறப்பட்டது. 2022 இல் டொலர் தட்டுப்பாடு உச்சத்தை அடைந்தபோது, அமைச்சரவை அந்த வயதெல்லையை இரண்டாகக் குறைத்ததுடன், பணிப்பெண்களாகச் செல்வோரின் ஆகக்குறைந்த வயதையும் 21 ஆகத் தளர்த்தியது. இடைப்பட்ட ஒன்பது வருடங்களில் பிள்ளை வளர்ப்பின் தேவைகள் மாறவில்லை. திறைசேரியின் தேவையே மாறியது. தடைசெய்யப்பட்டவர்கள் வீட்டிலேயே இருந்துவிடவுமில்லை. சுற்றுலா வீசாவில் ஒமானுக்கும் டுபாய்க்கும் கொண்டுசெல்லப்பட்டுப் பெண்கள் விற்கப்பட்ட செய்திகள் 2022 நவம்பரில் வெளியானபோது, சட்டபூர்வமான வாயில் மூடப்பட்டால் எந்த வாயில் திறக்கும் என்பது புலனாயிற்று.

உள்நாட்டில் வேலை செய்யும் வயதுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே உழைப்புச் சந்தையில் உள்ளனர். ஆண்களில் இவ்வீதம் மூன்றில் இரண்டுக்கும் சற்று அதிகம். கல்வியில் ஆண்களை முந்திவிட்ட பெண்கள் தொழிலில் பின்தங்குவதன் காரணங்கள் யாவரும் அறிந்தவையே: பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இல்லை, பாதுகாப்பான போக்குவரத்து இல்லை, ஊருக்கண்மையில் கண்ணியமான வேலை இல்லை. மட்டக்களப்பிலோ புத்தளத்திலோ ஒரு தாய் தன் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ரியாத்தில் இன்னொருவரின் குழந்தையைப் பராமரிக்கச் செல்வதும் இதே காரணங்களின் மறுபக்கமேயாகும்.

வடக்கு, கிழக்கு இளைஞரின் நிலையையும் இவ்விடத்தில் குறிப்பிடவேண்டும். 2022 நவம்பரில் கடலில் தத்தளித்த படகொன்றிலிருந்து 303 இலங்கையர் மீட்கப்பட்டு வியட்நாமில் கரைசேர்க்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் தமிழர். கனடாவுக்குச் செல்வதே அவர்களின் நோக்கமாக இருந்தது. அதற்குப் பின்னரும் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் இலங்கை இளைஞர் சிக்கி மீட்கப்பட்ட செய்திகளைப் பார்த்தோம். பல இலட்சம் ரூபாவை முகவரிடம் கொடுத்து உயிரைப் பணயம் வைக்கும் இளைஞன், அந்தப் பணத்தையும் துணிவையும் ஒரு தொழிற்பயிற்சியில் ஏன் முதலிடவில்லை? நம்பத்தக்க வழியொன்று அவன் கண்ணுக்குத் தென்படவில்லை என்பதே பதில். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்றவை இதற்கு விதிவிலக்குகள். பயிற்சி நிலையக் கட்டடங்கள் பல இடங்களில் உள்ளன. ஆனால் தமிழ்மொழியில் கற்பிக்கத்தக்க பயிற்றுநரும், தமிழில் அமைந்த பாடநூலும், பயிற்சி முடித்தபின் அழைத்துக்கொள்ளும் தொழிற்சாலையும் ஒருங்கே அமையும் இடங்கள் சிலவே.

திரும்பி வருவோரின் கதை இன்னும் பரிதாபமானது. பத்து வருடம் கட்டாரில் குளிரூட்டிகளைத் திருத்திய ஒருவர் ஊர் திரும்பியதும் முச்சக்கரவண்டி ஓட்டுகின்றார். அவருடைய கைத்தேர்ச்சிக்கு எந்தத் தாளும் சாட்சியில்லை. ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற் தகைமை முறையில், அனுபவத்தாற் பெற்ற தேர்ச்சியைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. விமான நிலையத்தில் புறப்படும்போது பதியும் பணியகம், திரும்பும்போது அவரை அந்த ஏற்பாட்டிடம் கையளிப்பதில்லை. உள்நாட்டுத் தனியார்துறை ஊழியருக்கு 1958 ஆம் ஆண்டு முதல் ஊழியர் சேமலாப நிதி உண்டு. கடல் கடந்து உழைப்பவருக்கோ அதற்கிணையான கட்டாயச் சேமிப்பு இல்லை. நாட்டின் வங்குரோத்து நிலையைத் தாங்கிப் பிடித்தவர் தமது முதுமையில் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்க வேண்டியவராகின்றார்.

செய்யவேண்டியவை செய்யமுடியாதவையல்ல. முதலாவதாக, புறப்படுவோரின் கல்வி, தொழிற் தகைமை, திரும்பும் திகதி ஆகிய மூன்றும் பதியப்பட்டு வருடாந்தம் வெளியிடப்பட வேண்டும். இரண்டாவதாக, எமது தாதியரையும் தொழில்நுட்பவியலாளரையும் நாடும் அரசுகளிடம் ஆட்களை அனுப்பும் உடன்படிக்கையோடு நின்றுவிடாது, பயிற்சிச் செலவில் பங்கும் கேட்க வேண்டும். பெறும் நாடு செலவை ஏற்க, பயிற்றப்படுவோரில் ஒரு பகுதியினர் அங்கும் மறுபகுதியினர் இங்கும் சேவையாற்றும் இத்தகைய பங்காண்மை, 2018 இல் மரக்கேஷில் ஏற்கப்பட்ட புலம்பெயர்வு பற்றிய உலக உடன்பாட்டிலும் இடம்பெற்றுள்ளது. மூன்றாவதாக, தொழிற்பயிற்சி மூன்று மொழிகளிலும் ஒரே தரத்தில் கிடைக்க வேண்டும். நான்காவதாக, தாய்மாரைத் தடுக்கும் சட்டங்களுக்குப் பதிலாகப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில் பணம் செலவிடப்பட வேண்டும். ஐந்தாவதாக, அனுப்பப்படும் பணத்தோடு இணைந்த கட்டாய ஓய்வூதியத் திட்டமொன்று தொழிலாளர் பிரதிநிதிகளின் பங்கேற்புடன் வகுக்கப்பட வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் மக்கள் செல்வார்கள். செல்வது அவர்களின் உரிமை. ஆனால் தெரிவு செய்து செல்வதற்கும், வேறு வழியின்றிச் செல்வதற்கும் வேறுபாடு உண்டு. பிறப்புகள் குறைந்து முதியோர் பெருகிவரும் இந்நாட்டில், வருடத்துக்கு மூன்று இலட்சம் பேரை அனுப்பும் நிலை நெடுங்காலம் நீடிக்காது. 800 கோடி டொலர் வரவு கிடைக்கும் இவ்வருடங்களிலேயே அவ்வரவின் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் உள்நாட்டுத் தொழில் வளர்ச்சிக்கும் திருப்புவதற்கான அவகாசம் எமக்கு உண்டு. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென எவ்வளவு ஒதுக்கப்படுகின்றது என்பதை, மாதாந்த டொலர்க் கணக்கைப் பார்க்கும் அதே ஆவலுடன் நாம் பார்க்கப் பழகவேண்டும்.